யூரெயில் பாஸ் வாங்கியாச்சு, சீட்டுக்குத் தனியாக முன்பதிவு வேண்டுமா?

நீங்கள் கேட்டது இது: கணவன், மனைவி, 13 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். பாரிஸில் இறங்கி ஆம்ஸ்டர்டாம், கொலோன், சூரிச், மிலான், வெனிஸ் என்று போய் ரோமில் முடிக்கிறீர்கள். ஒரே பாஸில் பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் போக உதவும் யூரெயில் குளோபல் பாஸை, ஒரு மாதத்துக்குள் 7 நாள் பயணம் செய்யும் வகையில் வாங்கலாம் என்று யோசனை. ஒரு நண்பர் "பாஸ் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறி உட்காரலாம்" என்கிறார். இன்னொருவர் "ஒவ்வொரு ரயிலுக்கும் காசு கட்டி ரிசர்வேஷன் எடுக்கணும், பாஸே தண்டம்" என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் அவரவர் போன நாட்டை வைத்துச் சொல்கிறார்கள். முதலாமவர் அநேகமாக ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து பக்கம் சுற்றியிருப்பார். இரண்டாமவர் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் போயிருப்பார். பாஸ் என்பது ரயிலில் பயணம் செய்ய அனுமதி, அவ்வளவுதான். சீட் அதில் சேர்த்தியா இல்லையா என்பதை அந்தந்த நாட்டு ரயில்வே முடிவு செய்கிறது. அதனால் உங்கள் பாதையில் எந்தெந்த இடத்தில் சீட் கட்டாயம் என்று பார்த்து, அந்த இரண்டு மூன்று ரயில்களை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துவிட்டு, மிச்சத்தை அப்படியே விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் பதிவு செய்தால் பாஸ் வாங்கியதற்கே அர்த்தமில்லை. எதையும் பதிவு செய்யாமல் போனால் பாரிஸிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் பாஸ் பற்றி ஒரு விஷயம். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில், ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். கணக்கில் வருவது குடியிருக்கும் நாடுதான், பாஸ்போர்ட்டின் நிறம் இல்லை. சூரிச்சில் இருக்கும் உங்கள் அக்கா குடும்பம் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் அவர்களுக்கு இன்டர்ரெயில்தான். அவர்களும் உங்களோடு சேர்ந்து வருவதாக இருந்தால் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: இன்டர்ரெயிலில் சொந்த நாட்டுக்குள் வெளியே போக ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம் மட்டும்தான். யூரெயிலில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. சீட் கட்டண விஷயத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலும் 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு, ஒரு பெரியவருக்கு இரண்டு பேர் வரை, பாஸ் இலவசம். உங்கள் 9 வயதுப் பிள்ளை அதில் வந்துவிடும், ஆனால் ஆர்டர் போடும்போதே அந்த இலவச பாஸையும் சேர்த்து வாங்க வேண்டும். 13 வயதுக்கு யூத் பாஸ், அது 27 வயது வரை உண்டு. சீட் கட்டணத்தில் மட்டும் இந்தச் சலுகை பெரும்பாலும் கிடையாது. இலவச பாஸ் வைத்திருக்கும் பிள்ளைக்கும் சீட்டுக்குக் காசு உண்டு. பட்ஜெட் போடும்போது பலர் கோட்டை விடும் இடம் இது. நான்கு பேர் என்றால் நான்கு சீட், நான்கு கட்டணம்.

சரி, இப்போது உங்கள் பாதையை எடுத்துக்கொள்வோம்.

பாரிஸ் முதல் ஆம்ஸ்டர்டாம் வரைதான் உங்களுக்கு இருக்கும் பெரிய தலைவலி. கார் து நோர் நிலையத்திலிருந்து நேராகப் போவது யூரோஸ்டார், சுமார் மூன்றேகால் மணி நேரம். முன்பு தாலிஸ் என்று சிவப்பு நிறத்தில் ஓடிய அதே ரயில்தான், 2023இல் யூரோஸ்டார் பெயருக்கு மாறியது. இதில் சீட் கட்டாயம். பாஸ் இருந்தாலும் ஒருவருக்கு 30 யூரோவை ஒட்டி ஆகும், சில சமயம் அதற்கு மேலும். நான்கு பேருக்கு 120க்குக் குறையாது.

காசைவிடப் பெரிய சிக்கல், பாஸ்காரர்களுக்கென்று ஒவ்வொரு ரயிலிலும் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை சீட்தான் ஒதுக்குகிறார்கள். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். ரயிலில் பாதி காலியாக இருக்கும், முழு விலை டிக்கெட்டும் விற்பனையில் இருக்கும், ஆனால் பாஸ் விலை சீட் மட்டும் இல்லை என்று திரை சொல்லும். நம் ஊர் மாதிரி வெயிட்டிங் லிஸ்டும் இல்லை, ஆர்ஏசியும் இல்லை, தட்காலும் இல்லை. சார்ட் போடும்போது ஏறிவிடும் என்ற நம்பிக்கைக்கே இடமில்லை. பிரான்ஸின் டிஜிவி வேக ரயில்களிலும் இதே ஒதுக்கீட்டு முறைதான். உள்நாட்டு டிஜிவியில் பாஸ்காரர்களுக்குச் சீட் 10 யூரோ, அந்த விலைச் சீட்டுகள் தீர்ந்தால் 20 யூரோ, அதுவும் தீர்ந்தால் சாதா டிக்கெட்தான். அதனால் தேதி முடிவானதும், மூன்று நான்கு மாதம் முன்னாலேயே, இந்த ஒரு ரயிலை எடுத்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

கிடைக்கவில்லை என்றால் வழி இருக்கிறது. பாரிஸிலிருந்து லீல் நகருக்கு டிஜிவி, ஒரு மணி நேரம், 10 யூரோ சீட். லீலிலிருந்து பெல்ஜியத்தின் சாதாரண ரயில்களில் பிரசல்ஸ் அல்லது ஆன்ட்வெர்ப். அங்கிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு, நாடு விட்டு நாடு போகும் யூரோசிட்டி ரயில்கள் அடிக்கடி இருக்கின்றன, அவற்றில் சீட் கட்டாயமில்லை. பெல்ஜியம், நெதர்லாந்து இரண்டிலும் உள்நாட்டு ரயில்களுக்கு முன்பதிவு என்ற பேச்சே இல்லை. இரண்டு மணி நேரம் கூடுதலாகும், மூன்று இடத்தில் பெட்டியைத் தூக்கி இறங்க வேண்டும். நடுவில் ஆன்ட்வெர்ப் நிலையத்தை ஒரு அரை மணி நேரம் நின்று பார்க்கலாம். கோபுரமும் படிக்கட்டுமாக அரண்மனை மாதிரி இருக்கும், மூன்று அடுக்கில் ரயில் வருவதும் போவதும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ஆம்ஸ்டர்டாம் முதல் கொலோன் வரை ஐசிஇ என்ற ஜெர்மன் வேக ரயில், இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஜெர்மனியில் சீட் முன்பதிவு பொதுவாக விருப்பம்தான். பாஸைக் காட்டிவிட்டு எந்த ரயிலிலும் ஏறலாம். ஜெர்மனியிலிருந்து எல்லை தாண்டும் சில ரயில்களில் கோடையில் மட்டும் கட்டாயமாக்குவது உண்டு, டென்மார்க் போகும் ரயில்கள் அப்படித்தான். யூரெயில் செயலியில் ரயிலைத் தேடும்போதே அந்தக் குறிப்பு வந்துவிடும்.

இங்கே நம் ஆட்கள் குழம்பும் ஒரு விஷயம் இருக்கிறது. முன்பதிவு இல்லாதவர்களுக்குத் தனிக் கோச் என்று எதுவும் இல்லை. ஒரே கோச்சில் பதிவு செய்த சீட்டும் செய்யாத சீட்டும் கலந்து கிடக்கும். சீட்டுக்கு மேலே அல்லது ஜன்னலோரம் சின்னத் திரை ஒன்று இருக்கும். அதில் இரண்டு ஊர்ப் பெயர் எரிந்தால், அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் மட்டும் அது வேறொருவர் சீட். உதாரணமாக "மன்ஹைம் – பாசல்" என்று இருந்தால், நீங்கள் கொலோனில் ஏறி மன்ஹைமில் இறங்குபவர் என்றால் தாராளமாக உட்காரலாம். எதுவும் எரியாவிட்டால் காலி. பதிவு செய்தவர் ரயில் கிளம்பி 15 நிமிடத்துக்குள் வந்து உட்காரவில்லை என்றால் அவர் உரிமை போய்விடும். அதனால் கூட்டமான ரயிலில் ஏறியதும் பதற வேண்டாம். கால் மணி நேரம் கதவோரம் நின்று கவனியுங்கள், இரண்டு மூன்று சீட் கண்டிப்பாகத் தேறும். ஆனால் நான்கு பேருக்கும் சேர்ந்தாற்போல் கிடைக்காது.

கொலோனிலிருந்து சூரிச் போகும் நாளில் மட்டும் ஐசிஇயிலும் சீட் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். நீண்ட பயணம், பாசல் போகும் அந்தத் தடத்தில் எப்போதும் கூட்டம், பிள்ளைகள் வேறு. இரண்டாம் வகுப்பில் ஒரு சீட் 5.50 யூரோ. முன்பெல்லாம் குடும்பத்துக்கு மொத்தமாக ஒரே கட்டணம் என்று ஒரு நல்ல வசதி இருந்தது. 2025 ஜூனில் அதை எடுத்துவிட்டார்கள், இப்போது நான்கு பேருக்கு 22 யூரோ. ஜெர்மன் ரயில்வே தளத்தில் டிக்கெட் இல்லாமல் சீட் மட்டும் வாங்கும் வசதி இருக்கிறது, அதைத் தேடி எடுங்கள். மேசை போட்ட நான்கு சீட்டாகப் பார்த்துத் தேர்வு செய்யலாம்.

நேரம் இருந்தால் அன்று காலை ஐசிஇயை விட்டுவிட்டு, கொலோனிலிருந்து மைன்ஸ் வரை ரைன் நதியை ஒட்டிப் போகும் பழைய தடத்தில் பாசஞ்சர் ரயில் எடுங்கள். கோப்லென்ஸ் தாண்டியதும் பிங்கன் வரை ஆற்றின் இரு கரையிலும் கோட்டைகள் வரிசையாக வரும். வேக ஐசிஇ மலைக்குள் சுரங்கம் சுரங்கமாகப் போய்விடும், நதி கண்ணிலேயே படாது. பாஸ் செல்லும், சீட் கட்டணம் இல்லை. பாஸின் உண்மையான சுகம் இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது.

ஜெர்மன் ரயிலின் தாமதத்தையும் கணக்கில் வையுங்கள். ஆறு நிமிடத்துக்குள் வந்தால் சரியான நேரம் என்று தாராளமாகக் கணக்கிட்டுமே, 2024இல் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. எனவே ஜெர்மன் ரயிலில் வந்து இறங்கி, அடுத்த 20 நிமிடத்தில் சீட் கட்டாயமான ரயிலைப் பிடிப்பதாக எதையும் கோக்காதீர்கள். முதல் ரயில் பிந்தினால் இரண்டாவதின் சீட் போனதுதான். குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள்.

சுவிட்சர்லாந்தில் உள்நாட்டு ரயில்களுக்கு முன்பதிவு தேவையே இல்லை. விளம்பரத்தில் வரும் கண்ணாடிக்கூரை சுற்றுலா ரயில்கள் மட்டும் விதிவிலக்கு: கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் போன்றவை. கிளேசியர் எக்ஸ்பிரஸில் பாஸ் இருந்தாலும் சீட்டுக்கு மட்டும் சுமார் 50 பிராங்க் ஆகும், ஒருவருக்கு! நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத் தொடவே மாட்டேன். ஏன் என்று அடுத்த கட்டத்தில் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் சூரிச் – மிலான் பயணத்தையே மாற்றச் சொல்லப்போகிறேன்.

சூரிச்சிலிருந்து மிலானுக்கு நேரடி யூரோசிட்டி இருக்கிறது. 2016இல் திறந்த 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கம் வழியாக மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கு இதில் சீட் கட்டாயம். கட்டணம் தர மனமில்லை என்றால் லுகானோ வரை சுவிஸ் ரயிலில் போய், அங்கிருந்து கியாசோ வழியாக மிலான் சென்ட்ராலே போகும் ரீஜினல் எக்ஸ்பிரஸில் மாறலாம். அதற்குச் சீட் வேண்டாம்.

ஆனால் ஒரு முழு நாள் ஒதுக்க முடிந்தால் பெர்னினா தடத்தில் போங்கள். சூரிச்சிலிருந்து கூர் என்ற ஊர், ஒன்றேகால் மணி நேரம். கூரில் ரேஷியன் என்ற சுவிஸ் மலை ரயில்வேயின் சிவப்பு நிற ரயிலில் ஏறி சாங்க்ட் மோரிட்ஸ், அங்கே மாறி இத்தாலி எல்லையில் இருக்கும் திரானோ. அங்கிருந்து மிலானுக்கு இரண்டரை மணி நேர ரீஜினல் ரயில். காலை சீக்கிரம் கிளம்பினால் சாயங்காலம் மிலான். இந்தத் தடம் 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலத்தில் வளைந்து சுரங்கத்துக்குள் நுழைவது, 2,253 மீட்டர் உயரத்தில் ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையம், பக்கத்திலேயே வெள்ளை ஏரி, இறங்கும் வழியில் புரூசியோவில் ரயில் தன் பாலத்துக்குக் கீழேயே சுற்றி வருவது, இவை எல்லாம் சாதாரண ரயிலிலும் அதே தண்டவாளத்தில் அப்படியே வரும். பல் சக்கரம் இல்லாமல் இவ்வளவு ஏறி இறங்கும் ரயில் ஐரோப்பாவில் அபூர்வம். பெர்னினா எக்ஸ்பிரஸின் பெரிய கண்ணாடியைத் திறக்க முடியாது, போட்டோ எடுத்தால் உள்ளே இருப்பவர் முகம்தான் பிரதிபலிக்கும். சாதாரண ரயிலின் பல பெட்டிகளில் ஜன்னலை இறக்கிக் காற்று வாங்கலாம். அதற்குச் சீட் கட்டணம் பூஜ்யம். கோடையில் முன்னதாகப் போய் பிளாட்பாரத்தில் நின்றால் ஜன்னலோரம் கிடைக்கும்.

இத்தாலியில் மறுபடி கட்டணக் கதை. ஃப்ரெச்சாரோசா வேக ரயில்களில் சீட் கட்டாயம், பாஸ்காரர்களுக்கு 13 யூரோ. இன்டர்சிட்டிக்கு 3 யூரோ. ரீஜினல் ரயில்களுக்கு எதுவும் இல்லை. மிலான் – வெனிஸ் வேக ரயிலில் இரண்டரை மணி நேரம், நான்கு பேருக்கு 52 யூரோ. ரீஜினலில் வெரோனாவில் மாறிப் போனால் நான்கு மணி நேரத்துக்குள், செலவில்லை. வழியில் கார்டா ஏரிக்கரையில் தெசென்சானோ, பெஸ்கியேரா என்ற இரண்டு ஊர்களில் நிற்கும். இறங்கி மதியச் சாப்பாட்டை ஏரிக்கரையில் முடித்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறலாம். வெனிஸ் – ரோம் மட்டும் ரீஜினலில் போக நினைக்காதீர்கள், நாள் முழுக்கப் போய்விடும். அதற்கு 52 யூரோ கொடுத்து நான்கு மணி நேரத்தில் போய்ச் சேருங்கள். ஃப்ரெச்சாரோசாவுக்கு மாதக்கணக்கில் முன்னால் ஓட வேண்டிய அவசரம் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒன்றாவது இருக்கும், சில நாள் முன்னால் எடுத்தால் போதும். நாப்போலியிலிருந்து பாம்பேய் போகும் சர்க்கும்வெசுவியானா லோக்கல் ரயிலில் பாஸ் செல்லாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ரோமிலிருந்து அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால்.

உங்கள் பாதையில் ஸ்பெயின் இல்லாதது நல்லதாகப் போயிற்று. அங்கே தொலைதூர ரயில் எல்லாவற்றுக்கும் சீட் கட்டாயம், ஸ்பெயின் ரயில்வேயின் சொந்தத் தளத்தில் பாஸ்காரர்கள் அதை வாங்க முடியாமல் பலர் நிலையக் கவுன்டரில் வரிசை நிற்கிறார்கள். பாதை மாறினால் மட்டும் அதைப் பற்றிக் கேளுங்கள்.

இரவு ரயில் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட்டில் பாஸ் செல்லும், ஆனால் உட்காரும் சீட், ஆறு பேர் படுக்கும் கூஷெட், கதவு பூட்டும் ஸ்லீப்பர் அறை எதுவானாலும் தனிக் கட்டணம், மேலே போகப் போக விலை ஏறும். கோடையில் பெர்த்துகள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். பாஸ் கணக்கில் ஒரு லாபம் உண்டு: நள்ளிரவுக்கு முன் ஏறி, அதற்குப் பின் வேறு ரயில் மாறாவிட்டால், ஏறிய நாள் மட்டும்தான் பயண நாளாகக் கழியும். உட்காரும் சீட்டில் பிள்ளைகளோடு இரவைக் கழிப்பது வேண்டாத வேலை. காசு மிச்சம் பிடிப்பதாக நினைத்து அடுத்த நாளைப் பாழாக்கிக்கொள்வீர்கள்.

எங்கே பதிவு செய்வது? எளிதான இடம் யூரெயிலின் சொந்த முன்பதிவுத் தளம், ஒரு ரயிலுக்கு ஒருவருக்கு 2 யூரோ சேவைக் கட்டணம் சேரும். டிஜிவி, யூரோஸ்டார் இரண்டையும் பெல்ஜிய ரயில்வேயின் சர்வதேசத் தளத்திலும் பாஸ் விலையில் வாங்கலாம், அங்கே பாஸ் கவர் எண் கேட்பார்கள். அது செயலியில் உங்கள் பாஸ் விவரத்தில் இருக்கும். அதாவது பாஸ் கையில் இருந்தால்தான் இந்தச் சீட்டுகளை வாங்க வசதி. நைட்ஜெட்டுக்கு ஆஸ்திரிய ரயில்வே தளம். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பெரிய நிலையக் கவுன்டர்களில் கிடைக்கும், ஆனால் கோடைக்காலப் பாரிஸில் அந்த வரிசையில் நிற்க உங்களுக்குப் பொறுமை வேண்டும். டிஜிவியின் மலிவுச் சகோதரன் விகோ என்று ஒரு ரயில் பிரான்ஸில் ஓடுகிறது, அதில் பாஸ் செல்லாது. தேடும்போது அதுவும் பட்டியலில் வரும், கவனம்.

ரயிலில் பரிசோதகர் வரும்போது இரண்டையும் காட்ட வேண்டும்: செயலியில் அன்றைய பயணத்தைச் சேர்த்து வரும் க்யூஆர், அதோடு சீட் ரிசர்வேஷன். பயணத்தைச் செயலியில் சேர்க்காமல் ஏறினால் பாஸ் இருந்தும் டிக்கெட் இல்லாதவர் கணக்குத்தான். இன்டர்நெட் சிக்னலை நம்பாமல் பிளாட்பாரத்தில் நிற்கும்போதே சேர்த்துவிடுங்கள்.

உங்கள் கணக்கைக் கூட்டினால், யூரோஸ்டார் 120க்கு மேல், ஐசிஇ 22, வெனிஸ் – ரோம் 52, மிலான் – வெனிஸ் வேக ரயில் என்றால் இன்னொரு 52. பெர்னினா வழியாகவும் ரீஜினல் வழியாகவும் போனால் மொத்தம் 200 யூரோவை ஒட்டி முடியும். பாஸ் விலையோடு இதையும் சேர்த்து, அதே தேதிகளுக்குத் தனித்தனி டிக்கெட் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாத் தேதியும் உறுதி, மூன்று மாதம் முன்பே வாங்கத் தயார் என்றால் தனி டிக்கெட்டே மலிவாகலாம், குறிப்பாக இத்தாலியிலும் ஜெர்மனியிலும். உங்கள் பட்டியலில் ஆறு பயண நாள்தான் வருகிறது. ஏழாவது நாளைச் சுவிஸில் மனம்போல் சுற்ற வைத்துக்கொண்டால் பாஸ் உங்களுக்குக் கட்டுப்படியாகும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, விசா. ஷெங்கன் விசா கைக்கு வருமுன் சீட் ரிசர்வேஷன் எடுத்தால் பெரும்பாலும் அந்தக் காசு திரும்பாது. செயல்படுத்தாத பாஸைத் திருப்பிக் கொடுத்தால் 85 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும், சலுகை விலையில் வாங்கியதற்கு அது பொருந்துமா என்று விதிகளைப் படித்துவிட்டு வாங்குங்கள். யூரோஸ்டார் ஒதுக்கீடு வேகமாகக் குறைகிறது என்றால் அந்த ஒன்றை மட்டும் துணிந்து எடுக்கலாம், மற்றதெல்லாம் விசா ஒட்டிய பாஸ்போர்ட் வீட்டுக்கு வந்த பிறகு.